பனியன் கம்பெனியா, தாலுகா ஆபீஸா? பிளஸ் டூ முடித்தவருக்கு ஒரு விடுமுறைக் கணக்கு

மே மாதத்தில் ஒரு சனிக்கிழமை, ராத்திரி எட்டு மணி இருக்கும். கடையின் ஒரு ஷட்டரை இறக்கிவிட்டேன். திருப்பூர் கம்பெனி வேனிலிருந்து இறங்கிய கையோடு ஒரு பையன் வந்து நின்றான். சட்டை தோள் முழுக்கப் பஞ்சுத் தூசு. கையில் சம்பளக் கவர். பிளஸ் டூ ரிசல்ட் வந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

“அக்கா, பர்ஸ்ட் கிராஜுவேட் சர்டிபிகேட்டுக்குத் திங்கக்கிழமை விஏஓவைப் பாக்கோணும்னு சொன்னீங்க. திங்கக்கிழமை லீவு போட்டா ஒன்றரை ஷிப்ட், 525 ரூபா போயிருமுங்க. ஒரு மாசம் வேலைக்குப் போய்ட்டு அப்புறமா எடுத்துக்கலாமுங்களா?”

தாராபுரத்தில் தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுத் தருகிறேன். ஒவ்வொரு வருஷமும் மே முதல் ஆகஸ்ட் வரை என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள். அவர்கள் எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: கல்லூரிக்குப் பணம் எங்கே? அதற்குள் இருக்கிற இன்னொரு கேள்வியை அந்தத் தம்பிதான் சரியாகக் கேட்டான். கையில் இருக்கிற இந்தப் பத்து வாரத்தை எதற்குக் கொடுப்பது? சம்பளத்துக்கா, சான்றிதழுக்கா, வங்கிக்கா? எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

முதலில் அவனுடைய சம்பளம். கைமடி வேலை. டெய்லருக்குப் பக்கத்தில் நின்று, தைத்து விழுகிற துணியைப் பிரித்து மடித்துக் கொடுக்க வேண்டும். ஷிப்டுக்கு 350 ரூபாய். காலை எட்டரை முதல் ராத்திரி எட்டரை வரை நின்றால் ஒன்றரை ஷிப்ட், சனிக்கிழமை மட்டும் ஒரு ஷிப்ட். வாரத்துக்கு எட்டரை ஷிப்ட், 2,975 ரூபாய். எட்டு வாரம் விடாமல் போனால் 23,800. இது ஒரு நாள்கூடக் காய்ச்சல் வராமல், வேனைத் தவறவிடாமல் போனால் வருகிற கணக்கு. டீ, மத்தியானச் சாப்பாடு, வீட்டுக்குக் கொடுக்கிற நூறு இருநூறு எல்லாம் போக, பதினாறாயிரம் மிஞ்சினால் பெரிசு. அவனுக்கு ஏப்ரலில்தான் 18 முடிந்திருந்தது. 18 முடியாத பிள்ளைகளைத் தொழிற்சாலையில் பெரியவர்களைப் போல வேலைக்கு வைக்கச் சட்டத்தில் கட்டுப்பாடு உண்டு. பெற்றோர் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இப்போது அந்தப் பர்ஸ்ட் கிராஜுவேட் சான்றிதழ், அதாவது வீட்டில் முதல் ஆளாகப் பட்டப்படிப்புக்குப் போகிறவன் என்று காட்டுகிற தாள். அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இருக்கிற சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கட்டணக் குழு 2017-ல் வைத்த அளவு இது: கலந்தாய்வில் கிடைக்கிற இடத்துக்கு வருஷம் 50,000 ரூபாய், அங்கீகாரம் பெற்ற பாடப்பிரிவு என்றால் 55,000. மேனேஜ்மென்ட் கோட்டா என்றால் 85,000, 87,000. கலந்தாய்வு வழியாகச் சேருகிற முதல் பட்டதாரிக்கு இதில் 25,000 ரூபாயை அரசு கட்டுகிறது. 55,000 என்பது 30,000 ஆகிறது. நாலு வருஷத்துக்கு ஒரு லட்சம்.

எட்டு வாரம் நின்றுகொண்டே சம்பாதிக்கிற மொத்தப் பணமும் இந்தச் சான்றிதழின் ஒரு வருஷ மதிப்புக்கு 1,200 ரூபாய் குறைவு. சான்றிதழ் வாங்க லீவு போட்டாலும் மொத்தம் நாலு நாள்தான் போகும், 2,100 ரூபாய். விண்ணப்பக் கட்டணம் 60 ரூபாய். அன்று ராத்திரி ஒரு ஜெராக்ஸ் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதிக் காட்டினேன். தாளை மடித்துச் சம்பளக் கவருக்குள்ளேயே வைத்துக்கொண்டான். திங்கட்கிழமை லீவு போட்டான்.

‘அப்புறம் எடுத்துக்கலாம்’ என்பதுதான் இதில் பெரிய ஆபத்து. கலந்தாய்வுக்கு விண்ணப்பித்து, சான்றிதழ் சரிபார்ப்பு முடிவதற்குள் இது கையில் இருக்க வேண்டும். காலேஜில் சேர்ந்த பிறகு கொண்டுபோய்க் காட்டுகிற தாள் இல்லை இது. விண்ணப்பம் விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்), ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்), துணை வட்டாட்சியர் என்று மேஜை மேஜையாக நகர வேண்டும், மே, ஜூனில் அந்த மேஜைகள் எல்லாம் நிரம்பி வழியும். இவனுடையது முதல் தடவை திரும்பி வந்துவிட்டது. அப்பா பெயரின் கடைசி எழுத்து ஆதாரில் ஒரு மாதிரி, பையனுடைய டிசியில் வேறு மாதிரி. காங்கேயம் பக்கம் தேங்காய்க் களத்தில் வேலை பார்க்கிற மனிதர் அவர், தன் பெயரை இங்கிலீஷில் யார் எப்படி எழுதினார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதைத் திருத்தி மறுபடி போட்டுக் கைக்கு வர பன்னிரண்டு நாள் ஆனது. ஜூன் முதல் வாரத்தில் ஆரம்பித்திருந்தால் அந்தப் பன்னிரண்டு நாள் கையில் இருந்திருக்காது.

இந்தச் சலுகைக்குள் இன்னொரு விஷயம் இருக்கிறது. வீட்டில் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் யாருமே பட்டதாரியாக இருக்கக் கூடாது. ஒரு வீட்டில் ஒரு பிள்ளைக்குத்தான் கிடைக்கும். அக்கா எடுத்துவிட்டால் தம்பிக்கு இல்லை. அதனால் யாருக்குப் பயன்படுத்துவது என்று வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் விண்ணப்பிக்க வேண்டும். படிப்புக் கட்டணம் வாங்காத அரசு கலைக் கல்லூரியில் சேருகிற பிள்ளைக்கு இந்தச் சான்றிதழால் பெரிய லாபம் இல்லை. சுயநிதிக் கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்குத்தான் லட்சம் ரூபாய்.

இதுவரை சொன்னதில் ஒரு சொல் திரும்பத் திரும்ப வந்தது, கலந்தாய்வு. உதவித்தொகை கிடைக்குமா, கடன் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் பிள்ளையின் மார்க்கோ வீட்டு வறுமையோ இல்லை, எந்த வழியாக அந்த இடம் வந்தது என்பதுதான். பணத்தைத் தேடுவதற்கு முன்னால் இடத்தை யோசியுங்கள் என்று என் கடைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் கெஞ்சாத குறையாகச் சொல்கிறேன்.

மே மாதம் ரிசல்ட் வந்த மறுநாளே போன் வர ஆரம்பித்துவிடும். “உங்க பையனுக்கு சிஎஸ்ஸி சீட் இருக்கு, பத்தாயிரம் மட்டும் கட்டி புக் பண்ணிக்குங்க, ஸ்காலர்ஷிப் எல்லாம் நாங்களே வாங்கித் தர்றோம்.” கலந்தாய்வு ஜூலையில்தான் தொடங்கும். ரெண்டு மாசம் காத்திருக்கிற பதற்றம் பெற்றோருக்கு. அந்தப் பதற்றத்தில்தான் பத்தாயிரம் போகிறது. மூணு வருஷத்துக்கு முன்னால் பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஒரு பெண் அப்படித்தான் சேர்ந்தாள். அம்மா நூற்பாலையில் வேலை. வருமானம் இரண்டரை லட்சத்துக்குள்தான். கலந்தாய்வில் சேர்ந்திருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் கட்டாயக் கட்டணம் முழுவதையும் அரசே கட்டியிருக்கும். மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்ந்ததால் அது கிடையாது என்று செப்டம்பரில்தான் தெரிந்தது. அந்தப் பெண்ணும் அம்மாவும் என் கடை பெஞ்சில் உட்கார்ந்து, சேர்க்கைக் கடிதத்தை என்னிடம் நீட்டி, “இதுல எங்கக்கா தப்பு இருக்கு?” என்று கேட்டார்கள். கடிதத்தில் மூன்றாவது வரியில் இருந்தது. அவளுடைய கட்-ஆஃபுக்குக் கலந்தாய்வில் அதைவிட நல்ல கல்லூரியே கிடைத்திருக்கும். அதை அவர்களிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பனியன் கம்பெனித் தம்பிக்கும் அப்படி ஒரு போன் வந்தது. கணக்குப் போட்டோம். கலந்தாய்வு வழி போனால் கட்டணம் 30,000, பஸ், தேர்வுக் கட்டணம், புத்தகம் எல்லாம் சேர்த்து இன்னொரு 30,000. வருஷத்துக்கு 60,000, நாலு வருஷத்துக்கு 2.4 லட்சம். போனில் பேசியவர் சொன்ன இடத்துக்குக் கட்டணமே 87,000. பஸ் முதலானவை அதே 30,000. நாலு வருஷத்துக்கு 4.68 லட்சம். வித்தியாசம் 2,28,000 ரூபாய். கைமடி வேலையில் இதைச் சம்பாதிக்கக் கிட்டத்தட்ட ஒன்றரை வருஷம் நிற்க வேண்டும். காத்திருப்பதற்கு 500 ரூபாய் பதிவுக் கட்டணம் போதும். பட்டியல் வகுப்பு, பழங்குடியினர் என்றால் 250.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்கு நான் வேறு எந்தக் கணக்கும் போடுவதில்லை. 7.5 சதவீத ஒதுக்கீடு அவர்களுக்கு இருக்கிறது. 2020-ல் மருத்துவத்துக்கு வந்தது, 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் என்று விரிந்தது. அந்த ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாம் அரசு கட்டுகிறது. அந்தப் பிள்ளைகள் விடுமுறையில் செய்ய வேண்டிய ஒரே முக்கிய வேலை, எந்தெந்த வகுப்பு எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பது விண்ணப்பத்தில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான். எங்கள் தம்பிக்கு இது இல்லை. அவன் படித்தது அரசு உதவி பெறும் பள்ளி. அரசுப் பள்ளி என்றே நினைத்துக்கொண்டிருந்தான். பலர் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

ஆனால் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் படித்ததால் தமிழ்ப் புதல்வன் திட்டம் அவனுக்கு உண்டு. 2024 ஆகஸ்டில் கோயம்புத்தூரில் தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய், படிப்பு முடியும் வரை. பெண்களுக்கு 2022-லிருந்தே புதுமைப் பெண். வருஷம் 12,000 என்பது சின்னத் தொகையாகத் தெரியும். பஸ் கட்டணத்தில் பெரும்பகுதியை அதுவே அடைத்துவிடும். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இதையும் வாங்கலாம். கல்லூரியில் சேர்ந்த பிறகு அங்கேயே பதிவு செய்வார்கள். கோடையில் இதற்காக அலைய வேண்டியதில்லை.

மத்திய அரசின் உதவித்தொகைகளில் ரெண்டை மட்டும் சொல்கிறேன். மாநிலப் பாடத்திட்டத்தில் தேர்ச்சி பெற்றவர்களில் மேல் 20 சதவீதத்துக்குள் வந்து, வீட்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பித்து வருஷம் 12,000 வாங்கலாம். இடங்கள் அளவுதான், போட்டி உண்டு. ஏஐசிடிஇ (தொழில்நுட்பக் கல்விக்கான மத்திய கவுன்சில்) கொடுக்கிற ‘பிரகதி’ பெண்களுக்கு மட்டும்: வருஷம் 50,000, வருமான வரம்பு எட்டு லட்சம், ஒரு வீட்டில் ரெண்டு பெண்கள் வரை. பொறியியலிலோ டிப்ளமோவிலோ சேருகிற பெண்ணை வைத்திருக்கிறவர்கள் இந்த ஒரு பெயரைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளலாம். எங்கள் ஊரில் இதற்கு விண்ணப்பிக்கிறவர்களைவிட இதைக் கேள்விப்படாதவர்கள்தான் அதிகம்.

தனியார் அறக்கட்டளைகளைப் பற்றியும் கேட்பார்கள். அகரம் போல வீட்டுக்கே வந்து நிலைமையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், நிஜமாகவே உதவுகிறார்கள். ஆனால் ‘உதவித்தொகை வாங்கித் தருகிறோம், முதலில் பதிவுக் கட்டணம் கட்டுங்கள்’ என்று வாட்ஸ்அப்பில் வருகிறதை நம்பி ஓடிபி சொல்லிவிடாதீர்கள். பணம் கொடுக்கிறவர் யாரும் உங்களிடம் பணம் கேட்க மாட்டார்.

உதவித்தொகைகளுக்கு எல்லாம் பொதுவாக ஒரு குறை உண்டு, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். அவை கேட்ட நாளில் வராது. ஜூலை, ஆகஸ்டில் இடம் உறுதியானதும் சில நாட்களுக்குள் கல்லூரியில் பணம் கட்ட வேண்டும். தமிழ்ப் புதல்வன் பணம் அதற்கு அப்புறம்தான் வர ஆரம்பிக்கும். மத்திய உதவித்தொகைக்கு விண்ணப்பமே பெரும்பாலும் கல்லூரியில் சேர்ந்த பிறகுதான். எங்கள் தம்பிக்கு முதல் நாள் 38,000 கேட்டார்கள். தாலுகா ஆபீசில் வாங்கிய எந்தத் தாளும் அந்தக் கவுன்ட்டரில் ரூபாய் நோட்டாக மாறாது. பனியன் கம்பெனிச் சம்பளத்தின் மதிப்பு அங்கேதான். நான் சம்பளத்தைக் குறைத்துப் பேசுவதாக யாரும் நினைக்கக் கூடாது. தொகை சின்னது, ஆனால் வேண்டிய நாளில் கையில் இருக்கிற பணம் அது ஒன்றுதான். அவன் சேர்த்த 16,000 இல்லையென்றால் அந்த முதல் நாள் முழுக்கக் கடனில்தான் போயிருக்கும்.

மீதி 22,000-க்கு என்ன வழி? மூணு பேரிடம் கேட்கலாம் என்று அவன் அம்மா சொன்னார். ஆறு மாசத்துக்குக் கணக்குப் பார்த்தோம். சங்கிலியை வங்கியில் வைத்தால் வருஷத்துக்கு 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் 22,000-க்கு ஆறு மாச வட்டி 990 ரூபாய். கடைத்தெரு அடகுக் கடையில் ரெண்டு வட்டி, அதாவது மாதம் நூற்றுக்கு ரெண்டு ரூபாய்: 2,640. வீட்டு வாசலுக்கே வந்து கொடுக்கிறவரிடம் அஞ்சு வட்டி: 6,600. கந்துவட்டியைத் தடை செய்து 2003-லேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. அஞ்சு வட்டிக்காரர்கள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள், அதுவும் கல்லூரி திறக்கிற மாசத்தில். வங்கியில் நகையை வைக்க அரை நாள் வரிசையில் நிற்க வேண்டும். அரை நாளில் 1,650, 5,610 மிச்சம். அம்மா வங்கியில்தான் வைத்தார்.

இனி கல்விக் கடன். இதைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் இருக்கிறார்கள், முதல் நாளிலேயே இதைத் தேடி ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். ரெண்டுமே சரியில்லை. நாலு லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது, நம் கைப்பணமும் போட வேண்டியதில்லை, அப்பாவோ அம்மாவோ கூடக் கையெழுத்துப் போட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருஷம் கழித்துத்தான் தவணை ஆரம்பிக்கும். கேட்கச் சுகமாக இருக்கும். ஆனால் அந்த ஐந்து வருஷமும் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

வருஷம் 50,000 வீதம் ரெண்டு லட்சம் வாங்குகிறான், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். முதல் வருஷப் பணத்துக்கு ஐந்து வருஷ வட்டி, ரெண்டாவது வருஷப் பணத்துக்கு நாலு வருஷம், இப்படியே போனால் தவணை ஆரம்பிக்கிற அன்று வட்டி மட்டும் 70,000. கடன் 2.7 லட்சமாக நிற்கும். ஐந்து வருஷத்தில் அடைத்தால் மாதம் சுமார் 5,740, மொத்தம் 3.44 லட்சம். தவணை சின்னதாக இருக்கட்டும் என்று பத்து வருஷம் இழுத்தால் மாதம் 3,570 போல, மொத்தம் 4.28 லட்சம். வாங்கியது ரெண்டு, கட்டுவது நாலேகால்.

இதே கடனுக்கு இன்னொரு முகம் இருக்கிறது. வீட்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்து, படிப்பு தொழிற்படிப்பாக இருந்து, கல்லூரிக்கு நாக் (NAAC) தர அங்கீகாரமோ பாடப்பிரிவுக்கு என்பிஏ (NBA) தர அங்கீகாரமோ இருந்தால், படிக்கிற காலத்துக்கும் அதற்கு அடுத்த ஒரு வருஷத்துக்கும் உள்ள வட்டியை மத்திய அரசே கட்டுகிறது. அப்போது தவணை ஆரம்பிக்கிற அன்று கடன் ரெண்டே லட்சம்தான். ஐந்து வருஷத்தில் மாதம் 4,250 போலக் கட்டி 2.55 லட்சத்தில் முடித்துவிடலாம். அந்த ஒரு வட்டி மானியத்தால் கிட்டத்தட்ட 90,000 ரூபாய் மிச்சம். அதற்கு வேண்டிய முக்கியத் தாள் வருமானச் சான்றிதழ், மறுபடியும் அதே தாலுகா ஆபீஸ், அதே 60 ரூபாய். 2024 நவம்பரில் பிஎம் வித்யாலட்சுமி என்ற இன்னொரு திட்டமும் வந்தது. எட்டு லட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு, பத்து லட்சம் வரையான கடனில் 3 சதவீத வட்டியை அரசு ஏற்கிறது. ஆனால் அது தரவரிசைப்படி தேர்ந்தெடுத்த கல்லூரிகளுக்கு மட்டும். உங்கள் கல்லூரி பட்டியலில் இருக்கிறதா என்று கலந்தாய்வில் விருப்பம் பதியும் முன்னாலேயே பாருங்கள். ரெண்டு கல்லூரிக்கு நடுவில் குழம்பி நிற்கிறவர்களுக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

வங்கிக்கு எப்போது போவது? ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி லெட்டர்பேடில் கட்டண விவரம், போனபைட் (அங்கே படிக்கிறான் என்ற சான்று) மூணும் இல்லாமல் கடன் நகராது. அதனால் பணம் கைக்கு வருவது செப்டம்பருக்கு மேல். ஆனால் மே மாதத்திலேயே செய்து வைக்க வேண்டியவை உண்டு. அப்பா அம்மாவுக்கு பான் கார்டு இருக்கிறதா, அம்மாவின் மைக்ரோ பைனான்ஸ் தவணை ஏதாவது நிலுவையில் நிற்கிறதா. போன வருஷம் ஒரு வங்கியில் ஒரு பெண்ணின் விண்ணப்பத்தை ஆறு வாரம் வைத்திருந்து, அம்மா பெயரில் 1,800 ரூபாய் பழைய பாக்கி இருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். அது முதல் நாளே கணினியில் தெரிந்திருக்கும். மே மாதம் சொல்லியிருந்தால் அந்த அம்மா அன்றைக்கே கட்டியிருப்பார்.

ஆக, அந்தத் தம்பிக்கு நான் எழுதிக் கொடுத்த வரிசை இது. சான்றிதழ் வேலை முதலில், அதற்கு லீவு போடத் தயங்கக் கூடாது. மீதி எல்லா நாளும் கம்பெனி. அரசு கலைக் கல்லூரிக்கும் 50 ரூபாய் கட்டி விண்ணப்பித்து வைக்க வேண்டும். பொறியியல் கைகூடாவிட்டால் உடுமலை அரசு கலைக் கல்லூரியில் கணினி அறிவியல் படிக்கலாம். அங்கே வருஷச் செலவே சில ஆயிரம்தான், பஸ் பாஸும் இலவசம். கடன் வாங்காமல் பட்டம் வேண்டும் என்கிற வீட்டுக்கு அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. அதை இரண்டாம் தரம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு எப்போதும் சண்டைதான். முதல் நாள் பணத்துக்குச் சம்பளமும் நகையும். நாலு வருஷத்துக்கு 2.4 லட்சத்தில் தமிழ்ப் புதல்வன் 48,000 போக, மீதிக்கு மானியத்தோடு கல்விக் கடன், அதுவும் ரெண்டு லட்சத்தைத் தாண்டாமல். கடன் வந்த பிறகு முதலில் சங்கிலியை மீட்பது.

கலந்தாய்வில் ரெண்டாவது சுற்றில் அவனுக்கு இடம் கிடைத்தது. போனில் வந்த கல்லூரி இல்லை, அவன் விருப்பப் பட்டியலில் நாலாவதாக எழுதிய கல்லூரி. கடன் அக்டோபர் கடைசியில் வந்தது. தமிழ்ப் புதல்வன் பணம் மட்டும் வரவில்லை. பள்ளியில் படிக்கும்போது திறந்த கணக்கோடு ஆதாரை இணைத்திருந்தான், ஆனால் அரசுப் பணம் நேரடியாக விழுவதற்கான ஆதார் சீடிங் அதில் செய்யப்படவில்லை. ரெண்டும் வேறு வேறு. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய் ‘சீடிங் ஆகியிருக்கா’ என்று அந்தச் சொல்லைச் சொல்லியே கேட்க வேண்டும். மே மாதத்தில் பத்து நிமிஷ வேலை. அதை நான் அவனுக்குச் சொல்ல மறந்துவிட்டேன். இப்போது கடைச் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

போன வாரம் அவன் அம்மா வந்திருந்தார். தங்கச்சி பத்தாவது முடித்திருக்கிறாள். ஆறாவதிலிருந்து அரசு பெண்கள் பள்ளி. நல்ல மார்க். பிளஸ் ஒன்னுக்குத் தனியார் பள்ளியில் பாதிக் கட்டணத்துக்கு இடம் தருகிறோம் என்று கூப்பிடுகிறார்களாம், சேர்க்கலாமா என்று கேட்டார். முதல் பட்டதாரிச் சலுகையை அண்ணன் எடுத்துவிட்டான், அது அவளுக்கு இல்லை. அவளிடம் இருக்கிற பெரிய சலுகை 7.5 சதவீதம்தான், இன்னும் ரெண்டு வருஷம் அரசுப் பள்ளியிலேயே இருந்தால். மறுபடியும் ஒரு ஜெராக்ஸ் தாளைத் திருப்பிப் போட்டு எழுத ஆரம்பித்தேன்.